எஸ்.ஏ. படையின் உட்பூசல் (1930–1934)

ஜெர்மனியின் நாஜிக் கட்சித் துணைப்படையான எஸ்.ஏ.வுக்குள் நடந்த அதிகாரப் போட்டி. 1934 ஜூன் 30 அன்று ஹிட்லரின் உத்தரவில் தொடங்கிய எஸ்.ஏ. தலைவர்களின் கொலைகளை, படைத்தலைவர் எர்ன்ஸ்ட் ரோமின் பேராசைக்குக் கிடைத்த பதிலடி என்று சொல்வது வழக்கம். காலவரிசை இதற்கு இடம் கொடுப்பதில்லை. 1930 ஆகஸ்டில் பெர்லின் எஸ்.ஏ. தலைவர் வால்டர் ஸ்டென்னஸின் ஆட்கள் பெர்லின் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து, காவல் நின்ற, அப்போது எஸ்.ஏ.வின் கீழ் இருந்த எஸ்.எஸ். படை ஆட்களை அடித்துத் துவைத்தபோது ரோம் பொலிவியாவில் இருந்தார். அவர்கள் கேட்டது பணமும் நாடாளுமன்ற வேட்பாளர் இடங்களும்தான். ஹிட்லர் நேரில் வந்து, பணத்துக்கு வழிசெய்வதாக வாக்களித்துச் சமாதானப்படுத்தினார். படையின் உச்சத் தலைமையையும் தாமே எடுத்துக்கொண்டார். அந்தச் சமாதானம் அடுத்த ஏப்ரல்வரைகூடத் தாங்கவில்லை என்பது வேறு விஷயம். தெருச்சண்டைக்கென்று திரட்டிய கூட்டத்தின் பலத்தைக் காட்டிப் பேரம் பேசிய கட்சி, பலனில் அதற்குப் பங்கு ஒதுக்கவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான்.

ரோம் ராணுவத்தையே விழுங்கப் பார்த்தாரே என்று கேட்கலாம். பார்த்தார்தான். ஆனால் வெர்சாய் ஒப்பந்தப்படி 1 லட்சம் பேருக்குள் கட்டுண்ட ராணுவத்துக்கு எதிரே 30 லட்சம் ஆட்களை வைத்திருந்த எவருக்கும் அந்த ஆசை வந்திருக்கும். 1934 ஜூலை 1 அன்று ரோம் மியூனிக்கின் ஸ்டாடெல்ஹைம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 20 அன்று எஸ்.எஸ். தனி அமைப்பாக்கப்பட்டது, எஸ்.ஏ.வோ விக்டர் லுட்சேயின் கீழ் செல்வாக்கிழந்து ஒதுங்கியது.