தலை உட்காரும் இடம்

கூடலூரிலிருந்து ஓவேலிக்குள் நுழைந்து எல்லமலை, பெரியசோலை, ஆரூட்டுப்பாறை என்று எந்தப் பக்கம் போனாலும் தலையில் மூட்டையோடு நடக்கும் ஒரு பெண்ணையாவது பார்க்கலாம். பறித்த தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் திணித்து, பழந்துணியைச் சும்மாடு சுருட்டி உச்சந்தலையில் வைத்து, அதன்மேல் மூட்டையை ஏற்றி நிறுவைக்குக் கொண்டுபோவார்கள். கூடைக் காலத்தில் வேறு முறை. முதுகில் தொங்கும் மூங்கில் கூடையின் கயிறு தலைமேல் வந்து பதிந்திருக்கும். பாரம் முதுகில் இருப்பதாகத்தான் தெரியும். இழுப்பு முழுக்கக் கழுத்துக்கு.

இந்தப் பள்ளத்தாக்கில் தோட்டம் வந்தது 1840களில். 1847இல் நீலகிரியை அளந்த படை அதிகாரி ஆக்டர்லோனியின் சகோதரர் ஜேம்ஸ், நிலம்பூர் நிலக்கிழார் திருமுல்பாடிடமிருந்து நிலம் பெற்று இங்கே காபி போட்டார். ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு ஓவேலியானது. பிறகு காபி சுருங்கித் தேயிலை பரவியது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களில் பலர் கூடலூர் வட்டாரத்தில் குடியேறினார்கள். பயிரும் ஆட்களும் மாறினாலும் பாரம் தலையை விட்டு இறங்கவில்லை.

அந்தப் பாரம் போய் இறங்கும் இடம் மிகச் சிறியது. மண்டையோட்டின் அடியில் ஒரு பெருந்துளை உண்டு. அதன் வழியேதான் மூளைத்தண்டு கீழிறங்கித் தண்டுவடமாகிறது. துளைக்குக் கீழே மோதிரம் மாதிரி ஓர் எலும்பு, அட்லஸ். அடுத்தது ஆக்ஸிஸ். ஆக்ஸிஸின் உடலிலிருந்து ஒரு முளை மேலெழுந்து அட்லஸ் மோதிரத்துக்குள் நிற்கும். பழைய மரக்கதவு குடுமியில் சுழல்வதுபோலத் தலை அந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. கழுத்தை இடமும் வலமும் திருப்பும் அசைவில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே கணுவில் நடக்கிறது. முளை பின்னால் நழுவாமல் ஒரு குறுக்கு நார் இழுத்துப் பிடித்திருக்கும். முளைக்கும் மோதிரத்தின் முன்வளைவுக்கும் நடுவே பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டர், குழந்தைகளுக்கு 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் போனால் தண்டுவடத்தின் இடம் குறைகிறது என்று பொருள்.

சிலருக்குக் கருவிலேயே இந்த இடம் கோணலாக அமைந்துவிடும். அட்லஸ் மண்டையோடு ஒட்டியிருக்கும், அல்லது முளை சேராமல் தனித் துண்டாக நிற்கும், அல்லது முளை மேலேறிப் பெருந்துளைக்குள்ளேயே புகுந்திருக்கும். சிறுமூளையின் அடிநுனி துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கியிருப்பதும் உண்டு. தலைச்சுமை இவற்றை உண்டாக்குவதில்லை. ஆனால் இப்படிப் பிறந்த கழுத்துக்கு ஈரப்பாதையில் ஒரு சறுக்கல் போதும். இருபது முப்பது வயதுவரை ஒன்றும் தெரியாமல் வாழ்ந்தவர், சாதாரணமாக விழுந்து எழுந்த பிறகு கைகால் மரத்து, நடை தள்ளாடி நிற்பார்.

இந்தக் கோளாறை முதலில் எழுதிவைத்தவர்களுக்கும் ஒரு மலை நாடுதான் கிடைத்தது. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் தைராய்டு குறையால் வளர்ச்சி தடைப்பட்டவர்களைப் பற்றி 1790இல் எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஆக்கர்மன், அவர்களுடைய மண்டையின் அடித்தளம் உள்வாங்கியிருந்ததைக் குறித்தார். சிறுமூளை கீழிறங்குவதை 1891இல் பிராகில் ஹான்ஸ் கியாரி பிணப் பரிசோதனைகளிலிருந்து விவரித்தார். 1912இல் பாரிஸில் கிளிப்பெல், ஃபைல் இருவரும் 46 வயதுத் தையற்காரர் ஒருவரின் உடலை ஆராய்ந்தார்கள். கழுத்தே இல்லாததுபோன்ற தோற்றம், தோள்வரை இறங்கிய பின்மயிர், திரும்பாத தலை. உள்ளே கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உயிரோடு இருப்பவரிடமே இதை அளக்க வழி காட்டியவர் அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் சேம்பர்லின். 1939இல் அவர் சொன்னது இவ்வளவுதான்: பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அண்ணத்தின் பின்முனையிலிருந்து பெருந்துளையின் பின்விளிம்புக்கு ஒரு கோடு போடுங்கள், முளை கோட்டைத் தாண்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பென்சிலும் அடிக்கோலும் இருந்தால் போதும். நரம்பியலில் இவ்வளவு மலிவான கண்டுபிடிப்பு அபூர்வம்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அறுவைக்கு அனுப்ப அப்போது இந்தியாவில் தனித்துறை எதுவும் இல்லை. மான்ட்ரியாலில் நரம்பு அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் சீர்காழிக்காரரான பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கம் பிறந்தபோது அதை நிறுவியவர்கள் நான்கே பேர்: இவர்கள் இருவர், பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன். ஓவேலியிலிருந்து வேலூர் வாசலுக்கு வருவதே ஒரு சோதனை. கூடலூருக்கு ரயில் கிடையாது. ஊட்டிக்கு ஏறி, மலை ரயிலில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து சென்னை வண்டியில் வேலூருக்கான நிலையமான காட்பாடி. நடை தள்ளாடும் ஒருவரை இவ்வளவு தூரம் கூட்டிப்போக வீட்டில் ஒருவர் கூலியையும் இழக்க வேண்டும்.

இந்தக் கழுத்துகளை இந்தியாவில் கூட்டமாக அடையாளம் கண்டவர்கள் பம்பாய்க்காரர்கள். எடி பரூச்சாவும் ஹோமி தஸ்தூரும் 1964இல் 'பிரெய்ன்' மருத்துவ இதழில் 40 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூன்றாண்டு கழித்து அதே இதழில் ஜே.ஜே. மருத்துவமனையின் நோஷிர் வாடியா, பிறவியிலேயே அட்லஸ் நழுவி தண்டுவடம் நசுங்கிய 28 பேரை விவரித்தார். மேலைநாட்டுப் பாடநூல்களில் அரிதென்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்று இங்கே வார்டில் படுத்திருந்தது. தண்டுவடத்தில் நீர்க்குழல், தீராத நரம்புத் தேய்வு என்று வேறு பெயர்கள் இதற்கு எளிதில் விழுந்துவிடும். அப்படிப் பெயர் விழுந்தவரைக் கைவிட்டுவிடுவார்கள். தலையைக் குனியவைத்து ஒன்றும் நிமிரவைத்து ஒன்றுமாக இரண்டு எக்ஸ்ரே எடுத்தால், நேராக இருக்கும்போது ஒளிந்திருக்கும் நழுவல் குனிந்ததும் வெளிப்பட்டுவிடும்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? 1910இல் பாஸ்டனில் மிக்ஸ்டரும் ஆஸ்குட்டும் அட்லஸைக் கனத்த பட்டு நூலால் ஆக்ஸிஸோடு கட்டினார்கள். பிறகு கம்பி வந்தது, இடுப்பெலும்புச் சில்லு வந்தது. கட்டு எல்லாம் எலும்பின் பின்பக்கத்தில். அது இறுகும்வரை நோயாளி மாதக்கணக்கில் கட்டுக்குள் கிடக்க வேண்டும். 1988இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அதுல் கோயல் வேறு வழியில் போனார். முதுகெலும்புத் தமனி உரசிக்கொண்டு போகும், சிரைகள் பின்னிக் கிடக்கும் பக்க மூட்டுக்கே நேராக இறங்கினார். மூட்டைத் திறந்து சுரண்டி, உள்ளே எலும்புத்துகள் திணித்து, அட்லஸில் ஒன்றும் ஆக்ஸிஸில் ஒன்றுமாகத் திருகாணி இறக்கித் தகட்டால் பிணைத்தார். சக மருத்துவர் லஹேரியோடு சேர்ந்து 1994இல் அதை வெளியிட்டார். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001இல் தகட்டுக்குப் பதில் தண்டு வைத்துச் செய்ததும் உலகம் சில காலம் ஹார்ம்ஸ் முறை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது பலர் கோயல்–ஹார்ம்ஸ் என்கிறார்கள். ஏழு ஆண்டு முந்தியவர் பெயரைச் சேர்த்துச் சொல்ல இவ்வளவு தயக்கம் வேண்டியதில்லை.

உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் இந்தக் கோளாறு அதிகம் பதிவாகிறது. காட்பாடி நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில் வங்காளமும் இந்தியும் கேட்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தக் கழுத்தும் அவற்றில் ஒன்று.

நீலகிரியில் கை மரத்துப்போனால் முதலில் கிடைக்கும் பெயர் கழுத்துத் தேய்மானம். பட்டையும் தைலமும் தருவார்கள். ஆண்கள் சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்வார்கள். நல்ல கழுத்துக்கே வேண்டாத வேலை அது. நார் தளர்ந்த கழுத்துக்கோ பேராபத்து.

திருகாணி போட்டு மூட்டு இணைந்தபின் தலை முழுசாகத் திரும்பாது. பக்கத்தில் யார் வந்தாலும் உடம்போடு திரும்ப வேண்டும். தலையில் சுமை ஏற்றவே கூடாது என்பது டாக்டர் எழுதித் தரும் முதல் கட்டளை. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் குறித்த எடைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு தரும் மலையில், அந்தக் கட்டளையைக் கையில் வாங்கும் பெண் முதலில் கேட்பது, மூட்டையை நிறுவை வரைக்கும் யார் தூக்கி வருவார்கள் என்பதைத்தான்.