விரல் நுனி போனதும் மாறிய கிடார் சத்தம் (த்ரெட்)

1/ ராக் மியூசிக் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம். பிளாக் சபாத் என்கிற இங்கிலாந்து குழு 1971-ல வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பம் பத்தின கதை இது. ஹெவி மெட்டலுக்கு அடித்தளம் போட்ட ஆல்பங்கள்ல ஒண்ணு. அந்தக் கனமான சத்தத்துக்குப் பின்னால ஒரு விபத்து இருக்கு.

2/ பர்மிங்காம் நகரம். டோனி அயோமிக்கு 17 வயசு, இரும்புத் தகடு தொழிற்சாலையில வேலை. இசைக்குழுவோட போறதுக்காக வேலையை விட்டாச்சு, அன்னைக்கு கடைசி நாள். வழக்கமா அவர் நிக்காத மெஷின். வலது கை நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போயிடுச்சு.

3/ "வலது கைதானே, கிடார்ல தந்தியை அழுத்துறது இடது கையாச்சே?"ன்னு கேட்பீங்க. அவர் இடது கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்துறது வலது கை! விரல் நுனியில நரம்பு முனைகள் நெருக்கமா இருக்கும். எலும்புக்கு மெத்தை மாதிரி இருக்கிற சதை போயிட்டா, லேசா பட்டாலே சுரீர்னு வலிக்கும். உலோகத் தந்தியை எப்படி அழுத்துறது?

4/ மருத்துவமனையில, இனி கிடாரை மறந்துடுங்கன்னு சொல்லிட்டாங்க. தொழிற்சாலை மேனேஜர் ஒரு இசைத்தட்டோட வீட்டுக்கு வந்தார். வாசிச்சது ஜாங்கோ ராய்ன்ஹார்ட். 1928-ல தீ விபத்துல இடது கையில ரெண்டு விரல் செயலிழந்தும், மிச்ச ரெண்டு விரலை வச்சு சோலோ வாசிச்ச மேதை.

5/ அயோமி பாத்திரம் கழுவுற லிக்விட் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செஞ்சார். தந்தி வழுக்காம இருக்க பழைய ஜாக்கெட்டோட தோலை வெட்டி ஒட்டினார். ஆனா உறைக்கு உணர்ச்சி கிடையாது, எவ்வளவு அழுத்துறோம்னு தெரியாது. அதனால மெல்லிசான பாஞ்சோ தந்திகளை கிடார்ல மாட்டினார்.

6/ அடுத்து 1971, லண்டன் ஐலண்ட் ஸ்டூடியோ. சில பாட்டுகளுக்கு எல்லாத் தந்தியையும் மூணு செமிடோன் தளர்த்தினார். கணக்கு போட்டா தந்தியோட இழுவிசை சுமார் 30% குறையும். விரலுக்கும் சுலபம், சத்தமும் கனம். கீசர் பட்லரும் பேஸ் கிடாரை அதே அளவு இறக்கினார். 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' கேட்டுப் பாருங்க, புரியும்.

7/ "விபத்து நல்லதுக்குத்தான்"னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. அந்த விரல்களோட அவர் காலம் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மெஷினுக்குப் பாதுகாப்பு இருந்திருந்தா நுனி தப்பியிருக்கும்.

8/ டாக்டரா எனக்கு இதுல உறுத்துறது நாலாவது ட்வீட்தான். காயம் பத்தி அவங்க சொன்னது சரி. அந்தப் பையன் என்ன செய்வான்ங்கிறதையும் சேர்த்துச் சொன்னதுதான் தப்பு. எது போச்சுன்னு சொல்ற கடமை எங்களுக்கு இருக்கு. மிச்சம் இருக்கிறதை வச்சு என்ன முடியும்னு, பக்கத்துல உட்கார்ந்து யோசிக்கிற கடமையும் இருக்கு. அன்னைக்கு அதைச் செஞ்சவர் அந்த மேனேஜர்.