கை தவறிய குண்டு: துப்பாக்கி விபத்துகளும் பாதுகாப்புக் கல்வியும்

இராமாயணம் அறிந்தவர் யாவரும் தசரத மன்னன் பெற்ற சாபத்தையும் அறிவர். இளமையில் ஒரு நாள் இருள் சூழ்ந்த வேளையில் சரயு நதிக்கரைக்கு வேட்டையாடச் சென்ற அவன், நீர்த்துறையில் எழுந்த ஓர் ஒலியைக் கேட்டான். யானை நீர் அருந்துகிறது என்று எண்ணி அம்பை எய்தான். ஆனால் அங்கே யானை இல்லை. பார்வையற்ற தாய் தந்தையருக்காகக் குடத்தில் நீர் முகந்துகொண்டிருந்த ஓர் இளைஞனே அம்பு பட்டு வீழ்ந்தான். ஒலியை மட்டும் கேட்டுக் குறி தவறாமல் எய்யும் வித்தை தசரதனுக்குக் கைவந்திருந்தது. எய்வதற்கு முன், எதிரே இருப்பது யாது என்று உறுதி செய்துகொள்ளும் பழக்கமே அவனிடம் இல்லை.

வில்லின் இடத்தைத் துப்பாக்கி பிடித்துப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் இத்தவறு மாறவில்லை. தவறிப் பாய்ந்த குண்டால் ஓர் உயிர் போகும்போதெல்லாம், "எல்லாம் விதி" என்று சொல்லித் தேறுதல் அடைவது மக்கள் வழக்கம். வரலாற்றை ஆராய்ந்தால் இவ்வழக்கம் பொருந்தாது என்பது புலனாகும். இவ்விபத்துகளின் காரணங்கள் மிகச் சில. அவையே திரும்பத் திரும்ப வருவன. கற்பித்துத் தடுக்கத் தக்கன. அக்கல்வி எவ்வாறு தோன்றியது, அது யாருக்கு உரியது என்பவற்றை இங்குக் காண்போம்.

பேராயரின் நோன்பு

1621ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் ஜார்ஜ் ஆபட் என்பவர், ஹாம்ப்ஷயர் வட்டாரத்திலுள்ள பிராம்ஷில் என்னும் இடத்தில் விருந்தினராகத் தங்கியிருந்தார். அங்கு நடந்த வேட்டையில் அவர் குறுக்குவில்லால் ஒரு மானைக் குறிபார்த்து எய்தபோது, அம்பு அங்கிருந்த வேட்டைக்காவலர் ஒருவரின் கையில் பாய்ந்தது. குருதி பெருகி அக்காவலர் சிறிது நேரத்தில் இறந்தார். நாட்டின் தலைமைக் குருவே ஓர் உயிரைப் போக்கிவிட்டாரே என்று பெரும் பரபரப்பு எழுந்தது. குருதி சிந்திய கையினர் இறைபணியில் நீடிக்கலாமா என்று விசாரிக்க முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஒரு குழுவை அமைத்தார். குழுவினரின் கருத்து இரண்டுபட்டது. முடிவில் மன்னரே மன்னிப்பு வழங்கினார். ஆபட் இறந்த காவலரின் மனைவிக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கிடைக்க ஏற்பாடு செய்து, தம் வாழ்நாள் முழுவதும் மாதம் ஒரு நாள் நோன்பு இருந்தார்.

அவருடைய மனத்துயரம் உண்மையானது. ஆயினும் அன்று எழுந்த கேள்விகள் யாவை? பாவமா, குற்றமா, பதவி நிலைக்குமா என்பனவே. இன்னொரு காவலர் இவ்வாறு சாகாதிருக்க என்ன செய்வது என்ற கேள்வி அவற்றுள் இல்லை. அக்கேள்வி முன்னுக்கு வர இன்னும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

துப்பாக்கியின் இயல்பு

கையால் வளைக்கும் வில்லுக்கும் துப்பாக்கிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வில்லை இழுத்துப் பிடிக்கும் வரைதான் அம்புக்கு வலிமை; கை தளர்ந்தால் அது வெறும் குச்சி. துப்பாக்கியோ வலிமையைத் தன்னுள்ளே சேமித்து வைத்துக் காத்திருப்பது. பழைய திரித் துப்பாக்கியில் வெடிமருந்தைப் பற்றவைக்க எரியும் திரி வேண்டும். பின்னர் வந்த சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் அந்த வேலையை ஒரு சுருள்வில் செய்தது. அதன் பின்னர் மருந்தும் குண்டும் ஒன்றாய் அமைந்த தோட்டா வந்தது. ஒவ்வொரு திருத்தமும் சுடுவதை எளிதாக்கியது. தவறிச் சுடுவதையும் அதே அளவுக்கு எளிதாக்கியது. தோட்டா இட்ட துப்பாக்கியின் விசையை வீரனின் விரல்தான் இழுக்க வேண்டும் என்பதில்லை. ஒரு முட்செடியோ சட்டையின் மடிப்போ குழந்தையின் கையோ போதும்.

1858இல் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியைக் கண்டு, அதுவே நைல் நதியின் தோற்றுவாய் என்று அறிவித்தவர் ஜான் ஹானிங் ஸ்பீக். காய்ச்சலையும் பகைவரின் ஈட்டிகளையும் கடந்து மீண்ட அந்த வீரர், 1864 செப்டம்பர் 15ஆம் நாள் தம் சொந்த நாட்டில் உறவினர் ஒருவருடன் பறவை வேட்டைக்குச் சென்றார். மறுநாள் பாத் நகரில், நைல் பற்றி ரிச்சர்ட் பர்ட்டனுடன் அவர் வாதிடுவதாக இருந்தது. தாழ்வான ஒரு கற்சுவரின் மேல் ஏறும்போது அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி வெடித்து மார்பைத் துளைத்தது. சுமார் கால் மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. தற்கொலையோ என்று ஐயுற்றவரும் உண்டு. ஆனால் மரண விசாரணையில் நடுவர்கள் விபத்து என்றே தீர்ப்பளித்தனர். அத்துப்பாக்கியில் பாதுகாப்புப் பூட்டு இல்லை என்பதும் அவ்விசாரணையில் வெளிப்பட்டது. சுவரோ வேலியோ கடக்கும் முன் தோட்டாவை அகற்றிவிட வேண்டும் என்பது இன்று வேட்டைப் பயிற்சியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

வரலாறு மயிரிழையில் மாறிய நிகழ்ச்சியும் உண்டு. 1913 நவம்பரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட், இங்கிலாந்தில் போர்ட்லண்ட் கோமகனின் வெல்பெக் மாளிகைக்கு விருந்தாளியாக வந்தார். வேட்டையின்போது தோட்டா இட்டுக் கொடுக்கும் பணியாளர் ஒருவர் கால் இடறி விழ, அவர் கையிலிருந்த துப்பாக்கியின் இரு குழல்களும் வெடித்தன. குண்டுகள் இளவரசரையும் கோமகனையும் சில அடி தூரத்தில் கடந்து சென்றன. ஏழு மாதங்களுக்குப் பின், 1914 ஜூன் 28இல், சராயேவோ நகரில் அதே இளவரசர் கொலையுண்டு முதல் உலகப் போர் மூண்டது. வெல்பெக்கிலேயே அவர் இறந்திருந்தால் போர் தவிர்ந்திருக்குமோ, தள்ளியேனும் போயிருக்குமோ என்று கோமகன் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

வேட்டைக்களத்தில் மட்டுமன்றி வீட்டினுள்ளும் இது நிகழும். 1956 மார்ச் 29இல் போர்த்துகலின் எஸ்டோரில் நகரில், நாடு கடந்து வாழ்ந்த ஸ்பெயின் அரச குடும்பத்தின் இல்லத்தில், 14 வயது இளவரசர் அல்போன்சோ குண்டு பட்டு மாண்டார். தமையனுடன் கைத்துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்ததாக அதிகாரபூர்வ அறிக்கை கூறிற்று. அந்தத் தமையனே 1975 முதல் 2014 வரை ஸ்பெயினின் மன்னராக இருந்த யுவான் கார்லோஸ். அரண்மனையாயினும் குடிசையாயினும், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்காத துப்பாக்கிக்கு வேற்றுமை தெரியாது.

தந்தை சொல் பாடமாயிற்று

முன்னாளில் இதற்கான கல்வி தந்தை மகனுக்குச் சொல்லும் அறிவுரையாகவே இருந்தது. 1902இல் மார்க் போஃபாய் என்னும் ஆங்கிலேயர், தம் மூத்த மகனுக்கு முதல் துப்பாக்கியைப் பரிசளித்தபோது, அதைக் கையாளும் நெறிகளை எளிய செய்யுளாக்கிக் கூடவே கொடுத்தார். அது பல தலைமுறை வேட்டைக்காரர்களுக்கு மனப்பாடமாயிற்று. ஆனால் அறிவுரை சொல்லும் தந்தை வாய்க்காத பிள்ளைகளின் கதி என்ன?

இதற்கு விடையாகவே பொதுக் கல்வி தோன்றியது. 1949இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம், முதன்முறையாக வேட்டை உரிமம் கேட்கும் இளைஞர்கள் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று விதித்தது. பிற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. கற்பித்தவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டம், 1970இல் திருத்தப்பட்டது. அதன்படி கைத்துப்பாக்கி வரியில் ஒரு பகுதி வேட்டைக் கல்விக்குக் கிடைத்தது.

அப்பயிற்சியின் சாரம் நான்கே நெறிகளில் அடங்கும். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருத வேண்டும். சுடக் கருதாத எதன் மீதும் குழலைத் திருப்பலாகாது. குறிபார்த்து முடிக்கும் வரை விரல் விசையைத் தொடலாகாது. குறி இன்னதென்றும் அதன் பின்னால் இருப்பது இன்னதென்றும் அறியாமல் சுடலாகாது. மேலே கண்ட விபத்துகளை எண்ணிப் பாருங்கள். இந்நான்கில் ஒன்றேனும் மீறப்படாமல் அவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

பயன் விளைந்ததா? நியூயார்க் மாநிலத்தில் 1960களில் 100,000 வேட்டைக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 19 துப்பாக்கி விபத்துகள் நிகழ்ந்தன. 2010களின் பிற்பகுதியில் அவை ஏறத்தாழ 3 ஆகக் குறைந்தன. இப்பெருமை முழுவதும் வகுப்பறைக்கே உரியதன்று. 1960களிலிருந்து பல மாநிலங்களில் கட்டாயமாக்கப்பட்ட ஒளிரும் செம்மஞ்சள் உடைக்கும் இதில் பங்குண்டு. அந்நிறம் மனிதர் கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும். மானின் கண்ணுக்கோ பச்சை இலைகளிலிருந்து பிரித்தறிய இயலாது.

ஒரு துயர நிகழ்ச்சி சட்டத்தையே மாற்றியதும் உண்டு. 1988இல் மேய்ன் மாநிலத்தில், தம் வீட்டின் பின்புறத்தில் நின்ற ஒரு பெண்ணை மான் என்று எண்ணி வேட்டைக்காரர் ஒருவர் சுட்டுவிட்டார். 1990இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. மக்களிடையே பெரும் வாதம் எழுந்தது. அதன் விளைவாக, குறியை ஐயமறக் கண்டறிந்த பின்னரே சுட வேண்டும் என்று 1991இல் சட்டம் இயற்றப்பட்டது. சரயு நதிக்கரையில் தவறவிட்ட பாடம் அங்குச் சட்டமாயிற்று.

கல்வி யாருக்கு?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. "துப்பாக்கியைத் தொடாதே" என்று சிறுவர்க்குச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் உளர். 2001இல் வெளியான ஓர் ஆய்வு அக்கருத்தைத் தகர்த்தது. அட்லாண்டா நகரில் 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவரைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டு, மறைவிலிருந்து கவனித்தனர். அவ்வறையின் இழுப்பறை ஒன்றில் சுட இயலாதவாறு செய்யப்பட்ட உண்மையான கைத்துப்பாக்கி இருந்தது. 48 சிறுவர் அதைக் கண்டனர். 30 பேர் எடுத்துக் கையாண்டனர். 16 பேர் விசையையும் இழுத்தனர். எடுத்துக் கையாண்டவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முன்பே ஏதேனும் பாதுகாப்பு அறிவுரை பெற்றவர்கள்!

ஆகவே சிறுவருக்குச் சொல்லும் சொல் மட்டும் அவர்களைக் காக்காது. பெரியவர் போடும் பூட்டே காக்கும். துப்பாக்கியைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைப்போரைப் பொறுப்பாளியாக்கும் சட்டத்தை 1989இல் புளோரிடா மாநிலம் இயற்றியது. பின்னர் வேறு பல மாநிலங்களும் இயற்றின. தோட்டாவை வேறாகவும் துப்பாக்கியை வேறாகவும் பூட்டி வைப்பதே உடைமையாளர் கற்க வேண்டிய முதற்பாடம்.

நம் நாடுகளில்

மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். சிங்கப்பூரிலோ 1973இல் இயற்றப்பட்ட ஆயுதக் குற்றச் சட்டம் மிகக் கடுமையானது. இதனால் அமெரிக்காவைப் போல் வீடுதோறும் துப்பாக்கி என்ற நிலை இங்கு இல்லை. அது நம் நற்பேறு. எனினும் நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இருந்துவிட இயலாது. சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவைக்குச் செல்லும் இளைஞர்கள், நம் வீட்டுப் பிள்ளைகள் உட்பட, துப்பாக்கியைக் கையில் ஏந்துகின்றனர். மலேசியாவில் பயிரைக் காக்கவும் வேட்டையாடவும் உரிமம் பெற்றோர் உளர். இருளில் விலங்கென்று எண்ணித் தம் தோழரையே சுட்டுவிட்டவர்களின் செய்தி நம் நாளேடுகளில் அவ்வப்போது வந்ததுண்டு. அவற்றைப் படித்துவிட்டு "பாவம், விதி" என்று பக்கத்தைப் புரட்டுவோரே மிகுதி.

உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருக்க அரசு தரும் இசைவு. அதைக் கையாளத் தகுதி உண்டு என்பதற்குப் பயிற்சி ஒன்றே சான்று. நன்றாகச் சுடத் தெரிவதும் அத்தகுதியில் பாதியே. சுடக்கூடாத இடத்தையும் வேளையையும் அறிவது மறுபாதி. ஆபட் வாழ்நாளெல்லாம் நோன்பு இருந்தும் இறந்த காவலர் மீளவில்லை. வருந்துவதினும் கற்பது எளிது. துப்பாக்கியைத் தொடும் ஒவ்வொருவரும் அந்நான்கு நெறிகளை முதலிற் கற்கச் செய்வது அரசுக்கும், வேட்டைச் சங்கங்களுக்கும், பெற்றோர்க்கும் உரிய கடமையாகும்.