புகையைப் படித்த கதை



பழைய கார் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், சைலன்சர் புகையைப் பார்த்தே இன்ஜின் நிலைமையைச் சொல்லிடலாம்கிறாங்களே, உண்மையா?" பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நம்மை எங்கே ஏமாற்றும் என்பதும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் வேறென்ன பதில் வரும்!

புகையைப் படிப்பது காரில் தொடங்கவில்லை, ஆலைப் புகைபோக்கியில் தொடங்கியது. நிலக்கரி சரியாக எரியாவிட்டால் கரி கறுப்புப் புகையாக வெளியேறும். அது முதலாளிக்குக் காசு நஷ்டம், ஊருக்கு இருமல். ஆனால் எவ்வளவு கறுப்பு? அதிகாரி கறுப்பு என்பார், முதலாளி சாம்பல் நிறம் என்பார். இதற்கு 1888-இல் பிரெஞ்சுப் பேராசிரியர் மாக்சிமிலியன் ரிங்கெல்மான் ஒரு வழி சொன்னார். வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளால் கட்டங்கள். 20, 40, 60, 80 சதவீதக் கறுப்பு என நான்கு அட்டைகள். தூரத்தில் நின்று பார்த்தால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். அதைப் புகையோடு ஒப்பிட்டு எண் சொல்ல வேண்டியதுதான். 1897-இல் வில்லியம் கென்ட் என்ற பொறியாளர் இதை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்தார். 1910-இல் பாஸ்டன் நகரின் புகைச் சட்டத்தில் இது இடம்பெற்றது.

(கூட்டமாகக் கயிறு இழுக்கும்போது ஒவ்வொருவரும் தன் முழு பலத்தைப் போடுவதில்லை என்று அளந்து காட்டியவரும் இதே ரிங்கெல்மான்தான். குழு வேலை கொடுத்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்!)

கார் வந்த பிறகு மெக்கானிக்குகள் இதே பார்வையை சைலன்சர் பக்கம் திருப்பினார்கள். கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு, எரிபொருள் அதிகம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் வால்வு சீலைச் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், செலவு பெரிது. இன்ஜின் சூடான பின்னும் நிற்காத அடர்ந்த வெள்ளைப் புகையும், ரேடியேட்டர் தண்ணீர் குறைவதும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. குளிர்ந்த காலையில் வரும் மெல்லிய வெள்ளை வெறும் நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதுபோல பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் நீலப் புகை வந்தால் அது கோளாறு அல்ல. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடுவது அதன் பிறவிக் குணம்.

இனிதான் முக்கியமான கட்டம். 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் கண் எரியவைக்கும் மூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால், எதிரியின் விஷவாயுவோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் தயாரித்த ஆலை ஒன்றின் மேல் பழி விழுந்தது. அதை நிறுத்திப் பார்த்தும் மூட்டம் போகவில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் விடை கண்டார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து மூட்டமாகின்றன என்றார். ஊரே தெரிகிற புகையைத் தேடியபோது தெரியாதது வேலை செய்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் சட்டமும் கண்ணைவிட்டுக் கருவிக்கு மாறத் தொடங்கியது. இன்று நம் ஊர்ப் புகைச் சோதனை மையத்தில் பெட்ரோல் வண்டியின் சைலன்சருக்குள் குழாயை விட்டு, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடை அளக்கிறார்கள். டீசல் வண்டிக்கு, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். ரிங்கெல்மான் அட்டையின் பேரப்பிள்ளை என்று அந்தக் கருவியைச் சொல்லலாம். ஆகவே சான்றிதழை மட்டும் காசு கொடுத்து வாங்கி வராதீர்கள், சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

இந்த வரலாற்றில் உயிர் சம்பந்தப்பட்ட பாடம் ஒன்று உண்டு. புகையின் நிறம் இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லும், நம் உடல்நிலையைச் சொல்லாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. "புகையே வரலை, வண்டி கண்டிஷன்ல இருக்கு" என்று நம்பி, மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள். ஏசி போட்டுக்கொண்டு காருக்குள் தூங்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

ஒர்க்ஷாப் நடத்தும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். புகையைப் பார்த்து நீங்கள் கண்டுபிடித்த கோளாறுகளைக் கீழே எழுதுங்கள். இந்தப் பாடத்தில் நீங்கள்தான் எனக்கு ஆசிரியர்கள்.