இரண்டு மணி நேரச் சாதகம்

கிதார் பயிலுகிறவர்கள் பஞ்சாங்கம்போல் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு சிறு பிரசுரம் உண்டு. 1953-ல் அமெரிக்காவில் வெளிவந்தது, சில பக்கங்கள்தாம். முன்னுரையைத் தாண்டினால் அதில் பாட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது. மேஜர், மைனர் ஸ்கேல்கள், அதாவது வெறும் ஆரோகண அவரோகணம்! எழுதியவர் ஸ்பெயின் தேசத்து ஆந்த்ரே செகோவியா. தினம் 2 மணி நேரம் இவற்றை வாசித்தால் கையின் கோணல் நிமிரும் என்கிறார். நம் சரளி வரிசை ஞாபகம் வருகிறதல்லவா?

மேஜர் என்பது ஸ்வரக் கணக்கில் நம் சங்கராபரணந்தான். மைனரில்தான் வேடிக்கை. செகோவியா எடுத்துக்கொண்ட மைனர், ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி. ஏறின படியில் இறங்க விடமாட்டார்.

இதற்கு இத்தனை பாடு எதற்கு? பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டைதான். கிதாரிலோ, மேல்தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே ஸ்வரம் இரண்டாம் தந்தியில் 5-ம் மெட்டிலும், மூன்றாம் தந்தியில் 9-லும், நான்காம் தந்தியில் 14-லும் ஒளிந்திருக்கிறது. எங்கே நின்று, எங்கே கையை நகர்த்துவது? செகோவியா ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரல் எண் குறித்துவிட்டார். வலக்கை விரல்களை மாற்றி மாற்றி மீட்ட 7 முறைகள் வேறு. கிதாரைக் கள்ளுக்கடை வாத்தியம் என்று ஒதுக்கிய சங்கீதக் கல்லூரிகளின் கதவைத் தட்டப் புறப்பட்ட மனிதருக்கு, பியானோ மாணவனுக்கு இருப்பதுபோல் ஒரு பாடம் கையில் வேண்டியிருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவருக்கு 100 வருஷத்துக்கும் முன்பே இன்னொரு ஸ்பானியர், பெர்னாண்டோ ஸோர், வேறு வழி காட்டியிருந்தார். நெப்போலியன் தரப்போடு சேர்ந்த குற்றத்துக்காக 1813-ல் நாட்டை விட்டவர், திரும்பவே இல்லை. 1830-ல் பாரிஸில் வெளியிட்ட நூலில், ஸ்கேலை விறுவிறுவென்று ஓட்டும் வித்தையை அவர் பெரிதாக மதிக்கவில்லை. இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் மூன்றாவது, ஆறாவது இணைகளைப் புரிந்துகொள், விரல் தானே வழி கண்டுகொள்ளும் என்பது அவர் கட்சி. நகம் படாமல் சதையால் மீட்டுகிறவர். நகத்தால் மீட்டும் அகுவாதோவோ அவருக்கு ஆப்த நண்பர்! இருவரும் சேர்ந்து வாசிக்க 'இரு நண்பர்கள்' என்று ஓர் உருப்படியே செய்தார்.

என் மனம் ஸோர் பக்கம் சாய்கிறது. வாக்கியத்தின் பொருள் தெரியாமல் எழுத்தை மட்டும் அழகாக எழுதிப் பழகுவதில் என்ன லாபம்? ஆனால் நடுங்கும் கையால் எதை எழுத முடியும் என்று செகோவியா கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்தச் செகோவியாவும் உள்நாட்டுப் போரில், 1936-ல், பார்ஸலோனாவை விட்டு ஓடினவர்தான். ஸ்கேல் புத்தகத்துக்கு 8 வருஷம் முன்பே, 1945-ல், அவர் பதிப்பித்தது ஸோரின் 20 பயிற்சிகளை. நகத்தை விரும்பாதவரின் சங்கீதத்துக்கு, நகத்தால் மீட்டுகிறவர் தம் கைப்பட விரல் எண் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் அந்த எண்களைப் பார்த்துத்தான் இன்னமும் ஸோரை வாசிக்கிறார்கள்.