புதிய தகவல் தொழில்நுட்பப் பட்டதாரிகள்: நிறுவனங்கள் எதிர்பார்க்கும் திறன்களும் பண்புகளும்

கணினி அல்லது தகவல் தொழில்நுட்பப் படிப்பை முடித்து முதன்முறையாக வேலைக்குச் சேர்பவரிடம் நிறுவனங்கள் இரண்டு வகைத் தகுதிகளைத் தேடுகின்றன. நிரல் எழுதுதல், தரவுத்தளம், இயங்குதளம், வலையமைப்பு முதலிய பாட அறிவு ஒன்று. அந்த அறிவை நான்கு பேரோடு சேர்ந்து, குறித்த நாளுக்குள், பிறர் நம்பும்படி பயன்படுத்தும் பழக்கங்கள் மற்றொன்று. முதல் வகையை மதிப்பெண் பட்டியல் ஓரளவு காட்டிவிடும். இரண்டாவதைக் காட்டும் சான்றிதழ் எதுவும் கிடையாது. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. இந்திய மென்பொருள் துறையும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து அத்துறைக்குச் செல்லும் மாணவர்களும் இங்கே முதன்மையாகக் கருதப்படுகிறார்கள்.

பின்னணி

டி.சி.எஸ். 1968இலும் இன்ஃபோசிஸ் 1981இலும் தொடங்கின. காக்னிசன்ட் 1994இல் சென்னையில் பிறந்தது. இத்தகைய சேவை நிறுவனங்கள் வளர்ந்தபோது, இறுதியாண்டு மாணவர்களைக் கல்லூரிக்கே வந்து மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் வேரூன்றியது. கணினித் துறை மாணவர்கள் மட்டுமின்றி இயந்திரவியல், கட்டடவியல் மாணவர்களும் எடுக்கப்பட்டனர். அவர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து வேலையில் இறக்குவார்கள். இன்ஃபோசிஸின் மைசூரு வளாகம் இதற்கென்றே எழுந்த ஊர் போன்றது. ஆகவே இத்துறையில் தொடக்கத்திலிருந்தே ‘என்ன தெரியும்’ என்பதோடு ‘எவ்வளவு விரைவில் கற்றுக்கொள்வார்’ என்பதும் கேட்கப்பட்டது.

குறைபாடுகளைப் பற்றிய பேச்சும் பழையதுதான். இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் சுமார் 25 விழுக்காட்டினரே பன்னாட்டு நிறுவனங்களில் வேலை செய்யும் தகுதியுடையவர்கள் என்று மெக்கின்சி நிறுவனம் 2005இல் மதிப்பிட்டது. அந்த எண்ணைப் பற்றிப் பல விவாதங்கள் உண்டு. வேலைக்கு ஆள் எடுப்பவர்களின் கருத்தே இத்தகைய மதிப்பீடுகளுக்கு அடிப்படை என்பதால், அவை மாணவரின் அறிவை மட்டும் அளப்பதில்லை. அளப்பவரின் எதிர்பார்ப்பையும் காட்டுகின்றன.

பாட அறிவோடு இத்தகைய பண்புகளும் தேவை என்பதைக் கல்வித் தர அமைப்புகளும் ஏட்டில் ஏற்றன. பொறியியல் பட்டங்களைப் பல நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. அதன் வழியில் தேசியத் தர அங்கீகார வாரியம் பட்டதாரிக்கு வகுத்த 12 பண்புகளில் அறநெறி, தனியாகவும் குழுவாகவும் இயங்குதல், தகவல் தொடர்பு, திட்ட மேலாண்மை, வாழ்நாள் முழுதும் கற்றல் ஆகியவை இடம்பெற்றன. கணினிக் கல்விக்காகப் பன்னாட்டு அறிஞர் குழு தயாரித்த ‘கணினிப் பாடத்திட்டங்கள் 2020’ அறிக்கை இன்னும் ஒருபடி மேலே போனது. தகுதி என்பது அறிவு, திறன், மனப்பாங்கு மூன்றும் சேர்ந்தது என்று சொல்லி, மனப்பாங்குகளாகப் பதினொன்றை வரிசைப்படுத்தியது. பொறுப்புணர்வு, நுணுக்கம், தானாக முன்வருதல், மாற்றத்துக்கு இசைதல் ஆகியவை அவற்றுள் சில.

தேர்வில் எவை தெரியும், எவை தெரியாது

வளாகத் தேர்வு பொதுவாக ஆப்டிட்யூட் தேர்வில் தொடங்கி, நிரல் எழுதும் சுற்று, டெக்னிக்கல் நேர்காணல் என்று நகர்ந்து, எச்.ஆர். நேர்காணலில் முடியும். சில இடங்களில் குழு விவாதமும் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு, அரியர் இருக்கக் கூடாது என்பவை பரவலான முன்நிபந்தனைகள். ஆயிரக்கணக்கானோரைச் சில நாட்களில் சலித்தெடுக்க இந்த முறை உதவுகிறது. ஆனால் அரை மணி நேர நேர்காணலில் ஒருவரின் பொறுமையையோ நேர்மையையோ யாராலும் அளக்க முடியாது. தன்னம்பிக்கையோடு பேசுபவர் முன்னே நிற்பார். யோசித்துப் பேசுபவர் பின்தங்குவார். எனவே நிறுவனங்கள் தேடுவதாகச் சொல்லும் பண்புகளில் பெரும்பகுதி, சேர்ந்த பிறகு முதல் ஆண்டில்தான் வெளிப்படுகிறது.

கேள்வி கேட்கும் பழக்கம்

மைக்ரோசாஃப்ட்டில் புதிதாகச் சேர்ந்த எட்டுப் பட்டதாரிகளை இரண்டு மாத காலம் அருகிலிருந்து கவனித்து ஆண்ட்ரூ பெகல், பெத் சைமன் என்ற ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிரல் எழுதத் தெரியாததால் அந்த இளைஞர்கள் அதிகம் தவிக்கவில்லை. எதை யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது, கேட்டால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்பவற்றில்தான் தவித்தார்கள். உதவி கேட்காமல் நெடுநேரம் தனியே முட்டிக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கல்லூரியிலிருந்து வருபவருக்கு இது இன்னும் கடினம். ‘டவுட் கேட்டா தப்பா நினைப்பாங்களோ’ என்ற அச்சத்தைப் பள்ளிப் பருவத்திலிருந்தே நம் வகுப்பறைகள் ஊட்டி வளர்த்திருக்கின்றன. கேள்வி கேட்டவனை எழுப்பி நிற்கவைத்த ஆசிரியர்கள் அங்கே உண்டு. அலுவலகத்திலோ நிலைமை தலைகீழ். இரண்டு நாள் தடுமாறிவிட்டு மூன்றாம் நாள் மாலை ‘முடியவில்லை’ என்பவரைவிட, முதல் நாளே ‘இந்த இடத்தில் நிற்கிறேன்’ என்பவரையே டீம் லீட் நம்புவார். வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி தவறப்போவது முன்கூட்டியே தெரிந்தால் மாற்று ஏற்பாடு செய்யலாம். கடைசி நாளில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கல்லூரிகள் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால், இக்கட்டுரையில் பேசப்படும் மற்றவற்றில் பாதி தானே வந்து சேரும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. என்ன செய்ய முயன்றேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, இதுவரை எவற்றையெல்லாம் முயன்றுவிட்டேன் என்ற நான்கையும் சொல்லிக் கேட்பவருக்கு விடை விரைவில் கிடைக்கும். பல நேரம் அவற்றை எழுதத் தொடங்கியதுமே விடை தானாகத் தெரிந்துவிடும்.

தெளிவான எழுத்தும் பேச்சும்

வேலைவாய்ப்பு விளம்பரங்களில் தவறாமல் வரும் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ என்பதை மாணவர்கள் மேடைப்பேச்சு என்று புரிந்துகொள்கிறார்கள். மென்பொருள் அலுவலகத்தில் ஒருவர் நாள்தோறும் செய்வது வேறு. பிழை அறிக்கை எழுதுகிறார், மாற்றிய நிரலுக்குக் குறிப்பு எழுதுகிறார், மின்னஞ்சல் அனுப்புகிறார், காலைக் கூட்டத்தில் ஒரு நிமிடம் பேசுகிறார். ‘லாகின் வேலை செய்யவில்லை’ என்ற பிழை அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. ‘நேற்று மாலை வெளியிட்ட பதிப்பில், கடவுச்சொல்லில் நட்சத்திரக் குறி இருந்தால் மட்டும் உள்ளே நுழைய முடியவில்லை, மூன்று கணக்குகளில் சோதித்தேன், முந்தைய பதிப்பில் இந்தச் சிக்கல் இல்லை’ என்று எழுதினால், திருத்தப்போகிறவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையைப் பின்பற்றும் குழுக்களின் அன்றாடக் கூட்டத்துக்கு 15 நிமிடமே வரம்பு. அதில் தன் முறை வரும்போது ‘பார்த்துக்கிட்டிருக்கேன்’ என்று மட்டும் சொல்லி முடிப்பது புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். எது முடிந்தது, எது மீதம், எது தடை என்பவை அதில் இல்லை என்பதால் குழுவுக்கு அது பதிலாகாது.

ஆங்கிலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் தொழிலில் ஆங்கிலம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தேர்வறையில் பல நேரங்களில் தெளிவுக்குப் பதிலாக உச்சரிப்பே மதிப்பெண் வாங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்திருக்கிறது. இவ்வழியில் வரும் மாணவர்கள் பலர் தமிழில் சிக்கலைத் துல்லியமாக விளக்குவார்கள், ஆங்கிலத்தில் திணறுவார்கள். சிந்தனைத் தெளிவு இருப்பவருக்கு மொழி ஓராண்டில் கைவரும். தெளிவில்லாதவருக்குச் சரளமான ஆங்கிலம் அதை மறைக்க மட்டுமே உதவும். இந்த வேறுபாட்டைக் காணாத நேர்காணல்கள் நல்லவர்களை இழக்கின்றன.

பிறர் எழுதிய நிரலைப் படித்தல்

கல்லூரியில் மாணவர் வெற்றுத் திரையிலிருந்து தொடங்கிச் சிறு நிரல் எழுதுகிறார். மதிப்பெண் வந்ததும் அதை மறந்துவிடுகிறார். வேலையில் அவர் கையில் கிடைப்பது, பத்தாண்டுகளாகப் பலர் எழுதி, சிலர் விலகிப் போய்விட்ட லட்சக்கணக்கான வரிகள். அதைப் பொறுமையாகப் படித்து, எங்கே கை வைத்தால் என்ன அசையும் என்று கணித்து, சின்னஞ்சிறு மாற்றம் செய்வதே முதல் ஆண்டின் பெரும்பகுதி வேலை. பிழை எங்கே இருக்கிறது என்று ஊகித்து, அந்த ஊகத்தைச் சோதித்து, தவறென்றால் அடுத்ததற்குப் போகும் ஒழுங்கும் இதோடு சேர்ந்தது. கிட், சோதனை நிரல், லினக்ஸ் கட்டளைகள் முதலிய கருவிகளைக் கையாளும் பழக்கமும் தேவைதான். ஆனால் அவை சில வாரங்களில் கற்கக்கூடியவை.

கூட்டு வேலை

எழுதிய நிரலைச் சக பணியாளர் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே சேர்ப்பது இன்று பெரும்பாலான குழுக்களில் வழக்கம். முதன்முறை இருபது குறைகள் குறிக்கப்பட்டு நிரல் திரும்பி வரும்போது புதியவருக்கு முகம் வாடும். குறை சொல்லப்பட்டது நிரலைத்தான், தன்னை அல்ல என்று ஏற்கப் பழகுவதற்குச் சில மாதங்கள் ஆகும். பிறர் நிரலைப் படித்து மரியாதையோடு குறை சொல்வதும் அதே அளவு பயிற்சி வேண்டும் திறன். அமெரிக்க வேலைச் சந்தையை ஆராய்ந்த பொருளியலாளர் டேவிட் டெமிங் 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 1980க்குப் பிறகு கணிதத் திறனும் மனிதர்களோடு இணைந்து இயங்கும் திறனும் ஒருசேர வேண்டிய வேலைகளில்தான் வாய்ப்பும் ஊதியமும் நன்கு வளர்ந்தன.

கவனமும் நேர்மையும்

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேபிட்டல், சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரலை எட்டுச் சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது, ஒன்று விடுபட்டுப்போனது. ஏற்றியவரின் வேலையை இன்னொருவர் சரிபார்க்கவில்லை. சந்தை தொடங்கும் முன்பே அமைப்பு தானாக 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது; யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. எத்தகைய அல்காரிதம் அறிவும் இங்கே உதவியிருக்காது. பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பழக்கமும், வந்த எச்சரிக்கையைத் திறந்து படிக்கும் பழக்கமும் இருந்திருந்தால் போதும்.

கவனத்தை மீறியும் தவறு நடக்கும். அப்போது நேர்மை தேவைப்படுகிறது. 2017 ஜனவரி 31 இரவு கிட்லாப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் நின்று முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். சில நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் போய்விட்டது. காப்புப் பிரதிகள் பலவும் இயங்காமல் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது. தவறு உடனே குழுவுக்குச் சொல்லப்பட்டது. நிறுவனமும் மீட்புப் பணியை இணையத்தில் நேரலையாகக் காட்டி, முழு அறிக்கையை வெளியிட்டது. அதில் அவர் பெயர் இல்லை. காப்புப் பிரதி முறையில் இருந்த ஓட்டைகளே பேசப்பட்டன. எல்லா நிறுவனமும் இப்படி நடந்துகொள்ளாது. தவறை ஒப்புக்கொள்பவரைத் தண்டிக்கும் மேலாளரிடம் யாரும் உண்மை பேசமாட்டார்கள். அங்கே புதியவரின் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வாடிக்கையாளரின் தகவலைக் காப்பதும் நேர்மையில் அடங்கும். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சட்டக் கடமையாக வகுக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் காலம்

2022இல் நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. அதுவரை புதியவர்களுக்குத் தரப்பட்டுவந்த எளிய நிரல் வேலைகளை இக்கருவிகள் நொடிகளில் செய்கின்றன. எழுதித் தந்த நிரல் சரியா, எந்த இடத்தில் உடையும், நம் அமைப்புக்குப் பொருந்துமா என்று தீர்மானிப்பது மனிதரிடமே இருக்கிறது. அதனால் படித்துச் சரிபார்க்கும் திறனின் மதிப்பு உயர்ந்திருக்கிறது. தனக்கே புரியாத நிரலைத் தன் பெயரில் சேர்ப்பது இன்று எளிது. காரணம் கேட்கப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் சேர்த்தவர்தான். வாடிக்கையாளரின் நிரலை அனுமதியின்றிப் பொதுக் கருவியில் ஒட்டிக் கேட்பதும் புதிதாக முளைத்திருக்கும் விதிமீறல்.

தமிழ்நாட்டில் பயிற்சி முயற்சிகள்

மாணவரின் வேலைத்திறனை வளர்க்கத் தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரிப் பாடத்தோடு தொழில்துறை சார்ந்த படிப்புகளை அது சேர்க்கிறது. பட்டத்தையே கேட்காத வழியும் உண்டு. ஸோஹோ நிறுவனம் 2000களின் நடுப்பகுதி முதல் நடத்திவரும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்கள் உதவித்தொகையுடன் கற்று அங்கேயே வேலைக்குச் சேர்கிறார்கள். எச்.சி.எல். நிறுவனமும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சித் திட்டம் நடத்துகிறது.

பொறியியல் கல்லூரியில் மேற்சொன்ன பழக்கங்கள் அனைத்தையும் ஒருசேரப் பழகக் கிடைக்கும் இடம் இறுதியாண்டு புராஜெக்ட். குழு, கெடு, எழுத்து, பிழை, பொறுப்பு எல்லாமே அதில் உண்டு. அதையே காசு கொடுத்துக் கடையில் வாங்கிச் சமர்ப்பிக்கும் வழக்கம் நகரங்களில் பரவியிருப்பது பெரிய இழப்பு. வேலைக்கு முன் பாதுகாப்பாகத் தவறு செய்து பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பை மாணவர் விற்பனையாளரிடம் கொடுத்துவிடுகிறார். டெக்னிக்கல் நேர்காணலில் ‘இதில் நீங்கள் எழுதிய பகுதி எது, எங்கே சிக்கினீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள்’ என்று தேர்வாளர் கேட்கும்போது இது வெளிப்பட்டுவிடும். நூலக அட்டவணை போன்ற சிறு செயலியாக இருந்தாலும், தானே எழுதித் தடுமாறிய மாணவரால் அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்ல முடியும்.