காவலூர் வானோக்ககமும் பட அணியின் அளவுப் பெயர்களும்

திறவுச்சொற்கள்: காவலூர், வைணு பாப்பு, ஃபிட்ஸ், நாக்சிஸ், அணி, பன்னிருசாண் கோல்

ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானோக்ககம் அமைந்துள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர் எனத் தோல் தொழிலால் அறியப்பட்ட வட்டாரம் வானியல் ஆய்விதழ்களில் இடம்பெற்றது இம்மலையால்தான். கொடைக்கானல் வானோக்ககத்தின் பொறுப்பை 1960இல் ஏற்ற வைணு பாப்பு இவ்விடத்தைத் தெரிந்தெடுத்தார். முதலில் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 102 செ.மீ. தொலைநோக்கியும் இங்கு இயங்கத் தொடங்கின. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று பாப்புவின் பெயரைப் பெற்றது.

இக்கருவிகளின் அளவுப் பெயர்களிலேயே ஒழுங்கின்மை உண்டு. 102 செ.மீ. கருவி 40 அங்குலம் என்றும் 1 மீட்டர் என்றும் வழங்கும். 93 அங்குலம் எனப்படும் பெரிய கருவியின் 2.34 மீட்டரைக் கணக்கிட்டால் 92 அங்குலத்தைச் சற்றே தாண்டும். எந்தக் கருவி என்பதை மனிதர் அறிவர், ஆகவே தீங்கில்லை. கணினிக்கு அந்த அறிவு இல்லை.

மின்னணு ஒளியுணரி எடுக்கும் படம் எண்களின் அணியாகும். அதன் நீள அகலங்களைக் கோப்பின் தலைப்பில் எழுதும் முறையை ஃபிட்ஸ் என்ற வடிவம் வகுத்தது. டான் வெல்ஸ், எரிக் கிரைசன், ரொனால்ட் ஹார்டன் ஆகியோர் 1981இல் அதனை வெளியிட்டனர். 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பாத்ராஸ் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பொதுப்பேரவை அதனைப் பரிந்துரைத்தது. ஒன்றியத்தின் தலைவர் பாப்புவே. பேரவை நடைபெற்ற நாள்களில், ஆகஸ்டு 19 அன்று, மியூனிக்கில் அவர் காலமானார்.

ஃபிட்ஸ் தலைப்பின் ஒவ்வொரு வரியும் துளை அட்டையைப் போல 80 எழுத்துகள் கொண்டது; 36 வரிகள் சேர்ந்து 2880 பைட்டுகள். பெயருக்கு எட்டு எழுத்துகளே இடம். அதில் 'நாக்சிஸ்' என்பது அச்சுகளின் எண்ணிக்கை. 'நாக்சிஸ்1' என்பதோ முதல் அச்சின் நீளம். எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் ஒரே வேர்ச்சொல் நின்றது. பின்னர் அட்டவணைகளுக்கு வடிவம் விரிந்தபோது அதே 'நாக்சிஸ்1' ஒரு வரிசையின் பைட்டுகளையும், 'நாக்சிஸ்2' வரிசைகளின் எண்ணிக்கையையும் குறித்தன. மற்றொரு கோப்பு வகையில் 'நாக்சிஸ்1' சுழியமாக இருப்பதே அவ்வகையின் அடையாளமாயிற்று.

இதனைக் குழப்பம் என்று மட்டும் தள்ளிவிடலாகாது. சோழர் காலக் கல்வெட்டுகள் நில அளவைக் கூறுகையில் பன்னிருசாண் கோல், பதினாறுசாண் கோல் என அளந்த கோலையும் சுட்டும். கோல் சதுரம் ஒன்றே குழி எனவும் சாண் மாறாதது எனவும் கொண்டால், இரண்டாவது குழி முதலாவதைப்போல் 16/9 மடங்கு பெரிது. பெயர் ஒன்றாயினும் கோல் தெரிந்தால் அளவு தெளியும். ஃபிட்ஸ் கோப்பிலும் விரிவுப் பகுதியின் முதல் வரி அது படமா அட்டவணையா என்று கூறிவிடுகிறது. அவ்வரியைப் படியாத நிரலே தவறுகிறது.

அச்சுகளின் வரிசைமுறையில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஃபோர்ட்ரான் மரபைப் பின்பற்றி, 'நாக்சிஸ்1' விரைந்து மாறும் அச்சாகும். பைத்தான் நிரலில் அதே அணியின் அளவு தலைகீழாக, 'நாக்சிஸ்2' முன்னாக வரும். காவலூரில் பயன்பட்ட தாம்சன் ஒளியுணரி 384 × 576 புள்ளிகள் கொண்டது. அதில் அச்சு மாறினால் படம் சிதைவது உடனே கண்ணுக்குத் தெரியும். 1024 × 1024 ஒளியுணரியிலோ இரு எண்களும் ஒன்றே என்பதால் பிழை மறைந்துவிடும்; விண்மீனின் ஆயங்கள் மட்டும் இடம் மாறிக் கிடக்கும்.

படிமலர்ச்சிக் கணிப்புக்கு ஷான் லூக் உருவாக்கிய இ.சி.ஜே. மென்பொருளின் அமைவுக் கோப்புகளிலும் இத்தகைய நிலையே. அணியின் எண்ணிக்கை ஓரிடத்தில் 'சைஸ்', ஓரிடத்தில் 'நம்' என்ற முன்னொட்டு, மற்றோரிடத்தில் 'சப்பாப்ஸ்' என வெறும் பன்மைச்சொல். ஆயினும் ஒரு மென்பொருள் தன் பெயர்களைப் புதிய பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஃபிட்ஸுக்கு அவ்வுரிமை இல்லை. ஒருமுறை செல்லுபடியான கோப்பு என்றும் செல்லுபடியாக வேண்டும் என்பது அதன் விதி. அவ்விதியின்படி எழுதப்பட்ட பழைய படம் இன்றைய நிரலிலும் திறக்கும், 'நாக்சிஸ்1' என்ற அதே பெயருடன்.